ஃபில்லட் ஏன் படுத்துகிறது? ஒரு சின்ன வரலாறு



மெக்கானிக்கல் படிக்கிற எல்லாருக்கும் இந்த அனுபவம் ஒரு தடவையாவது வந்திருக்கும். கேட் மென்பொருளில் ஒரு பாகத்தைக் கஷ்டப்பட்டு வரைந்து முடித்தாயிற்று. கடைசி வேலை, ஓரங்களைக் கொஞ்சம் உருட்டிவிடுவது. விளிம்பைத் தொட்டு ஆரம் 5 என்று கொடுத்தால் சிவப்பாக ஒரு பிழைச் செய்தி. 4 கொடுத்தாலும் அதே. 3 கொடுத்தாலும் அதே. எதனால் முடியவில்லை என்று மட்டும் சொல்லவே சொல்லாது.

எனக்கு இது மினி புராஜெக்ட் சமயத்தில் நடந்தது. ஒரு சின்ன மோட்டாரைத் தாங்கும் எல் வடிவ ப்ராக்கெட். அலுமினியத்தில் மில்லிங் செய்ய வேண்டியது. உள்மூலைக்கு ஃபில்லட் கொடுக்கப் போனேன், வரவில்லை. மறுநாள் காலையில் ஃபைலை ஒர்க்‌ஷாப்புக்குக் கொடுக்க வேண்டும். ராத்திரி இரண்டு மணிக்கு நான் எடுத்த முடிவு, "ஃபில்லட் இல்லாட்டி என்ன, அழகுக்குத்தானே" என்பது. நீக்கிவிட்டேன். ப்ராக்கெட் நன்றாகத்தான் வந்தது. மோட்டாரை மாட்டி ஓட்டிய நான்காவது நாள், அந்த உள்மூலையில் தலைமுடி மாதிரி ஒரு விரிசல். ஆறாவது நாள் கையோடு வந்துவிட்டது.

அதற்கப்புறம்தான் இந்த ஃபில்லட் என்பது என்ன, எங்கிருந்து வந்தது, ஏன் கம்ப்யூட்டருக்கு மட்டும் இவ்வளவு சிரமம் என்று தேட ஆரம்பித்தேன். தேடப் போனால் அது நூற்றெண்பது வருஷக் கதையாக இருக்கிறது. சுவாரசியமாகவும் இருந்தது, அதனால் இந்தக் கட்டுரை.

வேறு துறை நண்பர்களுக்காக ஒரு வரி: இரண்டு சுவர்கள் சந்திக்கும் உள்மூலையைக் குழிவாக நிரப்பினால் அது ஃபில்லட். வெளி ஓரத்தை மழுங்கடித்தால் அது ரவுண்ட். மென்பொருளில் பெரும்பாலும் இரண்டுக்கும் ஒரே பட்டன்தான், ஒரே பெயர்தான். நானும் அப்படியே சொல்கிறேன்.

உடைந்த அச்சு

1842 மே 8, ஞாயிற்றுக்கிழமை. பிரான்ஸ் மன்னர் லூயி பிலிப்பைக் கொண்டாடும் விழாவுக்காக வெர்சாய் அரண்மனைத் தோட்டத்தில் கூடிய மக்கள் பாரிஸுக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். வழியில் மெதோன் அருகே முன்னால் போன எஞ்சினின் அச்சு முறிந்தது. எஞ்சின் கவிழ, பின்னால் வந்த பெட்டிகள் அதன்மேல் ஏறித் தீப்பிடித்தன. அந்தக் கால வழக்கப்படி பெட்டிக் கதவுகளை வெளியிலிருந்து பூட்டியிருந்தார்கள். ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அண்டார்க்டிகா வரை கப்பலோட்டிப் போய்ப் பத்திரமாகத் திரும்பிய துமோன் துர்வில் என்ற மாலுமியும் தன் மனைவி, மகனோடு அந்தத் தீயில் போய்விட்டார்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்த இரும்பு அச்சு ஏன் திடீரென்று முறிய வேண்டும்? இரும்பு ஓடி ஓடி உள்ளுக்குள் 'படிகமாக' மாறிவிடுகிறது என்று அப்போது பலரும் நம்பினார்கள். இருபதுகளின் தொடக்கத்தில் இருந்த வில்லியம் ரேங்கின் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் அப்படி விட்டுவிடவில்லை. (ஆமாம், தெர்மோடைனமிக்ஸில் நம்மை வாட்டும் 'ரேங்கின் சைக்கிள்' ரேங்கினேதான்!) முறிந்த அச்சுகளைப் பார்த்து அவர் சொன்னது: முறிவு ஒரே நொடியில் நடப்பதில்லை, விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக உள்நோக்கி வளர்கிறது, அதுவும் அச்சின் விட்டம் சட்டென்று மாறுகிற கூர்மையான மூலையிலிருந்து தொடங்குகிறது. 1843-இல் லண்டன் சிவில் பொறியாளர் சங்கத்தில் அளித்த கட்டுரையில் அவர் சொன்ன பரிகாரமும் எளிமையானது. அந்த மூலையைக் கூராக விடாதீர்கள், பெரிய வளைவாகக் கடையுங்கள்.

நாம் ஃபில்லட் என்று சொல்வது அதைத்தான்.

இதற்குக் கணக்கு வந்து சேர இன்னும் எழுபது வருஷம் ஆனது. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த சார்லஸ் இங்கிலிஸ் 1913-இல், தகட்டில் இருக்கும் ஓட்டையைச் சுற்றித் தகைவு எப்படிக் குவிகிறது என்று கணக்கிட்டுக் காட்டினார். இழுக்கப்படும் அகலமான தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் தகைவு மூன்று மடங்கு. ஓட்டையை நீள்வட்டமாக்கி நுனியைக் கூராக்கிக்கொண்டே போனால் மடங்கும் ஏறிக்கொண்டே போகும். நுனியின் ஆரம் பூஜ்யத்தை நெருங்கினால் ஏற்றத்துக்கு எல்லையே இல்லை. என் ப்ராக்கெட்டில் நான் கொடுத்த ஆரம் எவ்வளவு? பூஜ்யம்!

பாடம் கணக்கோடு கிடைத்த பிறகும் மறந்தவர் நான் மட்டுமல்ல. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா அவசர அவசரமாக 2,700-க்கும் மேற்பட்ட லிபர்ட்டி கப்பல்களைக் கட்டியது. பல கப்பல்களின் தளத்தில் விரிசல் விழுந்தது. குளிரில் உடையும் தன்மை கொண்ட எஃகு, விரிசலை நிற்க விடாமல் தட்டிலிருந்து தட்டுக்குக் கடத்திய வெல்டிங் என்று காரணங்கள் பல. ஆனால் விரிசல்களில் பல தொடங்கிய இடம், சரக்கு இறக்கும் திறப்பின் சதுர மூலை. பின்னால் அந்த மூலைகளை வளைவாக்கி வலுவூட்டினார்கள்.

படத்தில் ஒரு வரி

கம்ப்யூட்டருக்கு முந்தைய காலத்தில் டிராயிங்கில் ஃபில்லட் எப்படி இருந்தது தெரியுமா? பெரும்பாலும் படத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பாக: "குறிப்பிடாத ஃபில்லட்டுகள் எல்லாம் ஆர் 3." அவ்வளவுதான். ஐம்பது மூலை உள்ள பம்ப் உறைக்கும் அந்த ஒரு வரி போதும். அந்த வரியை நிஜ மூலைகளாக மாற்றும் பொறுப்பு பேட்டர்ன் செய்கிற மனிதருடையது.

வார்ப்பில் மூலை கூராக இருந்தால் வேறு தொல்லைகளும் உண்டு. பாகத்தின் உள்மூலை என்பது மணல் அச்சில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கூர்முனை. உருகிய உலோகம் பாயும்போது அந்த முனை உதிர்ந்து உலோகத்தோடு கலந்துவிடும். உலோகம் இறுகும்போதும் மூலையில்தான் விரிசல் விழும். ஆகவே பேட்டர்ன் செய்பவர்கள் மரத்தில் பாகத்தைச் செய்தபின் மூலைகளில் மெழுகையோ, முக்கோண வெட்டு கொண்ட தோல் நாடாவையோ ஒட்டி, முனையில் குண்டு உள்ள இரும்புக் கம்பியால் இழுத்து அழுத்துவார்கள். குண்டின் அளவுக்கு மூலை வழவழவென்று குழிந்துவிடும்.

கோயம்புத்தூரில் ஒரு பவுண்டரிக்கு இண்டஸ்ட்ரியல் விசிட் போனபோது, பேட்டர்ன் ஷாப்பில் ஒரு பெரியவரிடம் கேட்டேன்.

"ஐயா, ட்ராயிங்ல ரெண்டு ஃபில்லட் ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

"முட்டுனா முட்டட்டும் தம்பி, கையில தடவி விட்டுருவோம். போல்ட்டு உக்கார்ற எடத்துல முட்டுச்சுன்னாத்தான் வேலைய நிறுத்திப்போட்டு ட்ராயிங் போட்டவரக் கூப்புடுவோம்."

அன்றைக்கு இது எனக்குப் பெரிதாகப் படவில்லை. இந்தக் கட்டுரையின் சாரமே அந்த பதில்தான் என்று பிறகுதான் புரிந்தது.

மோன்ஜின் பந்து

அந்த இரும்புக் குண்டைக் கணிதத்தில் கொண்டுவந்தவர் பிரெஞ்சுக்காரர் காஸ்பர் மோன்ஜ் (1746–1818). நாம் முதலாண்டில் போடும் முன்தோற்றம், மேல்தோற்றம் எல்லாவற்றுக்கும் கணித அடித்தளம் போட்டவர் அவர்தான். மெசியர் ராணுவப் பொறியியல் பள்ளியில் அவர் உருவாக்கிய வரைமுறையைப் பல வருஷங்கள் ராணுவ ரகசியமாக வைத்திருந்தார்கள். அவர் ஆராய்ந்த இன்னொரு விஷயம், ஒரு வளைகோட்டின் வழியே ஒரு பந்தை நகர்த்திக்கொண்டு போனால் அது எந்தப் பரப்பை உரசிக்கொண்டு போகும் என்பது. இந்த வகைப் பரப்புக்கு 'கால்வாய்ப் பரப்பு' என்று பெயர்.

இன்றைக்கு நாம் பட்டனை அழுத்தியதும் கேட் மென்பொருள் உள்ளே செய்வது ஏறக்குறைய இதுதான். மூலையில் 5 மி.மீ. ஆரமுள்ள ஒரு பந்தை வைத்து, இரண்டு சுவரையும் தொட்டபடி உருட்டு. பந்தின் மையம் எப்போதும் இரண்டு சுவரிலிருந்தும் 5 மி.மீ. தள்ளி இருக்கும். ஆகவே இரண்டு சுவரையும் 5 மி.மீ. நகர்த்தினால், நகர்த்திய சுவர்கள் வெட்டிக்கொள்ளும் கோடுதான் மையத்தின் பாதை. பந்து சுவரைத் தொட்டுக்கொண்டு போகும் இரண்டு கோடுகள்தான் ஃபில்லட்டின் எல்லைகள். 'உருளும் பந்து' முறை என்று இதற்குப் பெயர்.

சுவர்கள் இரண்டும் தட்டையாக இருந்தால் ஃபில்லட் ஓர் உருளையின் துண்டு. தட்டையான தளத்தில் உருளை செங்குத்தாக நின்றால் ஃபில்லட் வடை வடிவத்தின் (டோரஸ்) துண்டு. இந்த இரண்டும் சுலபம். ஆனால் இரண்டு குழாய்கள் சாய்வாகச் சந்தித்தால் பந்தின் பாதையே நெளிந்த ஒரு வளைகோடு. அங்கே மென்பொருள் தோராயமாக ஒரு ஸ்ப்ளைன் பரப்பைப் பொருத்திக்கொள்ளும்.

சரி, கணக்கு தெரிந்துவிட்டது. பிறகு ஏன் தொல்லை?

கேம்பிரிட்ஜும் ராச்சஸ்டரும்

ஐவன் சதர்லேண்ட் 1963-இல் எம்.ஐ.டி.யில் 'ஸ்கெட்ச்பேட்' செய்தபோது திரையில் இருந்தவை கோடுகள்தான். 1960-களில் ரெனோவில் பெஸியே, சிட்ரோயனில் த கஸ்டெல்ஷோ போன்றவர்கள் கார் உடலின் வளைவுகளுக்குக் கணிதம் கொடுத்தார்கள். ஆனால் அவை எல்லாம் தனித்தனிப் பரப்புகள். "இது ஒரு கட்டியான பொருள், இதற்கு உள்ளே வெளியே உண்டு" என்று கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

அதைத் தெரிய வைத்தது 1970-கள். கேம்பிரிட்ஜில் சார்லஸ் லாங்கின் குழுவில் இருந்த இயன் பிரெய்ட், முகம், விளிம்பு, முனை என்ற மூன்றையும் எது எதோடு ஒட்டியிருக்கிறது என்ற கணக்கோடு சேமித்து, 'பில்ட்' என்ற நிரலை எழுதினார். ஏறக்குறைய அதே சமயத்தில் அமெரிக்காவின் ராச்சஸ்டர் பல்கலைக்கழகத்தில் வோல்க்கர், ரெக்கீஷா குழுவினர் கட்டை, உருளை போன்ற எளிய வடிவங்களைக் கூட்டிக் கழித்துப் பாகங்களைக் கட்டினார்கள். அந்த முறையில் ஃபில்லட் வேண்டுமானால் ஒரு சதுரக் குச்சியிலிருந்து உருளையைக் கழித்து, மிஞ்சும் துண்டை மூலையில் நாமே ஒட்ட வேண்டும். பேட்டர்ன் ஷாப் தோல் நாடாவேதான், கம்ப்யூட்டருக்குள்!

கேம்பிரிட்ஜ் குழுவினர் 1974-இல் 'ஷேப் டேட்டா' நிறுவனத்தைத் தொடங்கி, 1978-இல் 'ரோமுலஸ்' என்ற கெர்னலை விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். கெர்னல் என்பது கேட் மென்பொருளின் வயிற்றுக்குள் இருக்கும் கணித எஞ்சின். இன்றைக்கு சாலிட்வொர்க்ஸ், சாலிட் எட்ஜ், என்.எக்ஸ். மூன்றுக்குள்ளும் இருக்கும் 'பாராசாலிட்' அந்தப் பரம்பரையில் வந்ததுதான்.

இப்போது தொல்லைக்கு வருவோம். ஒரு கனசதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 8 முனை, 12 விளிம்பு, 6 முகம். ஆய்லர் சூத்திரப்படி 8 − 12 + 6 = 2. இதில் ஒரே ஒரு விளிம்பை உருட்டுங்கள். அந்த விளிம்பு போய் ஒரு புது முகமும் நான்கு புது விளிம்புகளும் வரும். இப்போது 10 முனை, 15 விளிம்பு, 7 முகம். 10 − 15 + 7 = 2. கணக்கு சரி. பன்னிரண்டு விளிம்பையும் உருட்டினால் 24 முனை, 48 விளிம்பு, 26 முகம். இதுவும் 2. மென்பொருள் ஒவ்வொரு ஃபில்லட்டுக்கும் பந்தை உருட்டுவதோடு, இந்தக் கணக்குப் புத்தகத்தையும் பிசகாமல் திருத்தி எழுத வேண்டும்.

இனிமேல்தான் வேடிக்கை. கனசதுரத்தின் பக்கம் 10 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். எல்லா விளிம்புக்கும் ஆரம் 4.9 கொடுத்தால் 26 முகங்கள். மிகச் சின்னதாக இருந்தாலும் எல்லாம் இருக்கின்றன. 5 கொடுத்தால்? முழுக் கோளம்! ஒரே ஒரு முகம். ஆறு தட்டை முகங்களும் புள்ளியாகச் சுருங்கிவிட்டன, பன்னிரண்டு உருளைத் துண்டுகளும் நீளமில்லாமல் மறைந்துவிட்டன. 26 வரும் என்று எழுதி வைத்த புத்தகம் அப்படியே கவிழ்ந்துவிடுகிறது. 'கோளம்' என்று நமக்குப் பார்த்ததும் தெரிவது, வரிவரியாகக் கணக்கெழுதும் நிரலுக்குத் தெரிவதில்லை. ஃப்ரீகேடில் செய்து பாருங்கள், 4.99 வரும், 5 மறுக்கும்.

பக்கத்து வீட்டுத் தகராறு

1984-இல் ரெக்கீஷாவும் அவருடைய மாணவர் ரோஸ்ஸின்யாக்கும் சாலிட் மாடல்களில் ஒரே ஆர ஃபில்லட் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் ஆராய்ந்த வழிகளில் ஒன்று, பொருளை முழுக்க ஆரத்தின் அளவுக்கு ஊதிப் பெரிதாக்கி, மறுபடி அதே அளவு சுருக்குவது. உள்மூலைகள் எல்லாம் தாமாக நிரம்பிவிடும். முதலில் சுருக்கிப் பிறகு ஊதினால் வெளி ஓரங்கள் மழுங்கும். ஒவ்வொரு விளிம்பாகத் தொடவே வேண்டாம். "குறிப்பிடாத ஃபில்லட்டுகள் எல்லாம் ஆர் 3" என்ற பழைய குறிப்பின் கணித வடிவம் என்றே சொல்லலாம். ஆனால் நமக்கு ஒரு மூலையில் 5, இன்னொன்றில் 2, போல்ட் உட்காரும் இடத்தில் எதுவும் வேண்டாம் என்றல்லவா இருக்கிறது. ஆகவே விளிம்பு விளிம்பாகப் பந்தை உருட்டும் முறையே நிலைத்தது.

அதில் ஒரு மறைவான நம்பிக்கை இருந்தது. விளிம்பின் இரண்டு பக்கமும் உள்ள முகங்களில் பந்துக்குப் போதுமான இடம் இருக்கும் என்பதுதான் அது. இடம் இல்லாமல் பந்து மூன்றாவது முகத்தில் முட்டினால்? பக்கத்து ஓட்டைக்குள் விழுந்தால்? ஒரு சின்ன முகத்தை முழுசாக விழுங்கிவிட்டால்? 1997-இல் 'கம்ப்யூட்டர் எய்டட் டிசைன்' ஆய்விதழில் இதைப் பற்றியே ஒரு கட்டுரை வந்தது. ஃபில்லட் தன் அக்கம்பக்கத்தைத் தாண்டிப் போனால் மாடலை எப்படிச் சீராக்குவது என்பதுதான் விஷயம். எழுதியவர் யார் என்று பார்த்தால், இயன் பிரெய்ட்! 1970-களின் தொடக்கத்தில் சாலிட் மாடலிங்குக்கு வழிபோட்டவர், இருபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும் ஃபில்லட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்த அன்றைக்கு என் கோபம் பாதி குறைந்துவிட்டது.

காலமும் சேர்ந்துகொண்டது

இதற்கிடையில் இன்னொரு மாற்றம். லெனின்கிராடில் கணிதப் பேராசிரியராக இருந்து அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சாமுவேல் கைஸ்பர்க் 1985-இல் பி.டி.சி. நிறுவனத்தைத் தொடங்கினார். அங்கே உருவான 'ப்ரோ எஞ்சினியர்' 1980-களின் கடைசியில் கேட் உலகத்தையே மாற்றிப்போட்டது. மாடல் என்பது செய்த வேலைகளின் பட்டியல் என்றானது. முதலில் கட்டை, பிறகு ஓட்டை, பிறகு ஃபில்லட். முதல் அளவை மாற்றினால் எல்லாம் வரிசையாக மறுபடி நடக்கும். 1995-இல் வந்த சாலிட்வொர்க்ஸ் இதையே சாதாரண விண்டோஸ் கணினிக்குக் கொண்டுவந்தது.

வசதிதான். ஆனால் ஃபில்லட்டுக்குப் புதிதாக ஒரு ஆபத்து. இன்று ஒழுங்காக வரும் ஃபில்லட், அடுத்த மாதம் யாரோ சுவரின் தடிமனை 2 மி.மீ. குறைத்ததும் விழலாம். இன்னும் மோசம், '7-ஆம் விளிம்பு' என்று நீங்கள் தேர்ந்தெடுத்தது மேலே ஓர் ஓட்டை சேர்ந்ததும் '9-ஆம் விளிம்பு' ஆகிவிட்டால், ஃபில்லட் வேறு எங்கோ போய் ஒட்டிக்கொள்ளும். பெயர் மாறும் இந்தச் சிக்கல், 2002-இல் தொடங்கிய ஃப்ரீகேடில் ரொம்ப காலம் எல்லாரையும் அழவைத்தது. பெரிய அளவில் அதைச் சமாளித்த 1.0 பதிப்பு வந்தது 2024 நவம்பரில்தான். (ஃப்ரீகேடின் கெர்னல் 'ஓப்பன் காஸ்கேட்'. பிரான்ஸின் மாத்ரா தாத்தாவிசியோன் 1999-இல் திறந்த மூலமாக வெளியிட்டது.)

அடுத்த முறை வராவிட்டால்

இந்த வரலாற்றைத் தெரிந்துகொண்டால் பிழைச் செய்தியை வேறு மாதிரி படிக்கலாம். நான் இப்போது பார்க்கும் வரிசை இது:

1. முதலில் 0.5 மாதிரி மிகச் சின்ன ஆரம் கொடுத்துப் பாருங்கள். அதுவும் வராவிட்டால் கோளாறு ஆரத்தில் இல்லை, விளிம்பில். ஸ்கெட்சில் சரியாக ஒட்டாத கோடு, 0.01 மி.மீ. நீளத்தில் ஒரு துணுக்கு விளிம்பு, வேறு மென்பொருளிலிருந்து கொண்டுவந்த ஃபைலில் ஒரு கிழிசல் என்று ஏதாவது இருக்கும். திரையைப் பெரிதாக்கி அந்த விளிம்பின் வழியே நகர்ந்து பாருங்கள்.

2. சின்னது வந்து பெரியது வராவிட்டால், நடுவில் ஓர் எண்ணைப் போட்டுப் போட்டு எந்த ஆரத்தில் நிற்கிறது என்று கண்டுபிடியுங்கள். அந்த எண்ணே துப்பு. 3.2-இல் நிற்கிறது என்றால், விளிம்பிலிருந்து சுமார் 3.2 மி.மீ. தூரத்தில் என்ன இருக்கிறது என்று தேடுங்கள். சுவர்கள் செங்குத்தாக இருந்தால், 5 மி.மீ. பந்து சுவரைத் தொடுவதும் விளிம்பிலிருந்து 5 மி.மீ. தள்ளித்தான்.

3. குழியின் நின்ற மூலையில் ஆரம் 3 இருக்க, அடித்தளத்தைச் சுற்றி 5 கேட்காதீர்கள். 5 மி.மீ. பந்து 3 மி.மீ. மூலைக்குள் நுழையாது. மில்லிங் கட்டருக்கும் இதே சட்டம்தான். நின்ற மூலையைப் பெரிதாக்குங்கள், இல்லாவிட்டால் அடியைச் சிறிதாக்குங்கள்.

4. 10 மி.மீ. தடிமனுக்கு இரண்டு பக்கமும் 5 கொடுத்தால் நடுவில் அகலமே இல்லாத முகம் மிஞ்சும். முழு வளைவு வேண்டுமானால் அதற்கென்று தனிக் கட்டளை இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் 4.99.

5. மூன்று விளிம்புகள் ஒரு முனையில் கூடினால், ஒன்றிரண்டாகச் செய்யாமல் மூன்றையும் ஒரே கட்டளையில் கொடுத்துப் பாருங்கள். ஆரங்கள் வேறு வேறானால் பெரியதை முதலில், சின்னதை அப்புறம். வரிசையை மாற்றினாலே பல ஃபில்லட்டுகள் வந்துவிடும். சாலிட்வொர்க்ஸில் இந்த வரிசையைத் தானே மாற்றிப் பார்க்கும் வசதியே வைத்திருக்கிறார்கள்.

6. வார்ப்புக்கான சரிவை (டிராஃப்ட்) முதலில் கொடுங்கள், ஃபில்லட்டைப் பிறகு. அழகுக்கான சின்ன ஃபில்லட்டுகள் பட்டியலின் கடைசியில் இருக்கட்டும். அவற்றின் விளிம்பைப் பிடித்து வேறு எதையும் வரையாதீர்கள்.

என் ப்ராக்கெட்டில் என்ன நடந்தது?

உடைந்த பிறகு ஃபைலைத் திறந்து இந்த வரிசைப்படி பார்த்தேன். 0.5 வந்தது. 1 வந்தது. 1.4 வந்தது. 1.5-இல் நின்றது. சுவரிலிருந்து சரியாக 1.5 மி.மீ. தூரத்தில் என்ன என்று தேடினால், போல்ட்டின் வாஷர் உட்காருவதற்கு நான் குடைந்திருந்த வட்டக் குழியின் ஓரம்! 16 மி.மீ. விட்டக் குழியைச் சுவரோடு ஒட்டி வைத்திருக்கிறேன். 5 மி.மீ. பந்து உருண்டு வந்தால் குழிக்குள் விழாமல் என்ன செய்யும்?

அதாவது மென்பொருள் சொன்னது சரிதான். அந்த இடத்தில் ஃபில்லட்டும் வாஷரும் சேர்ந்து இருக்க முடியாது. தப்பு என் டிசைனில். "போல்ட்டு உக்கார்ற எடத்துல முட்டுச்சுன்னா ட்ராயிங் போட்டவரக் கூப்புடுவோம்" என்று கோயம்புத்தூர்ப் பெரியவர் சொன்னாரே, சிவப்பு எழுத்தில் வந்தது அதே அழைப்புதான். அவராக இருந்தால் வாய்விட்டுக் காரணத்தைச் சொல்லியிருப்பார், இதற்கு "முடியவில்லை" என்று மட்டும்தான் சொல்லத் தெரிந்திருக்கிறது. நான் அழைப்பையே துண்டித்துவிட்டேன்.

குழியை 4 மி.மீ. தள்ளி வைத்தேன். ஆரம் 5, ஒரே கிளிக்கில் வந்தது. இரண்டாவது ப்ராக்கெட் அந்த செமஸ்டர் முடியும்வரை உடையவில்லை.

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை ஃபில்லட் வராவிட்டால் திட்டுங்கள், தப்பில்லை, நானும் திட்டுவேன். :-) ஆனால் நீக்குவதற்கு முன் ஒரு நிமிஷம், அந்த மூலை அழகுக்காக இருக்கிறதா, சுமை தாங்க இருக்கிறதா என்று யோசியுங்கள். அழகுக்கு என்றால் நீக்கலாம், 4.99 போடலாம், என்ன வேண்டுமானாலும் செய்யலாம். சுமைக்கு என்றால் பந்து எங்கே முட்டுகிறது என்று கண்டுபிடிக்காமல் தூங்கப் போகாதீர்கள்.

உங்களுக்கும் இப்படி ஒரு ஃபில்லட் கதை இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள். படிக்க ஆசை.